சீட்டில் இரண்டு கையெழுத்து

எனக்குப் பொறாமை என்று என் வீட்டுக்காரர் செல்வின் சொன்னபோது இரண்டு நாள் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தேன். பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் ஏதாவது வைக்க முடியுமா என்றும் பார்த்தேன், அகப்படவில்லை.

கிள்ளிப்பாலத்தில் ஞானையன் முதலாளியின் எஞ்சின் ஸ்பேர்ஸ் கடையில் பத்தொன்பது வருடமாக கவுன்டரில் நிற்கிறேன். பிஸ்டன், ரிங், கேஸ்கெட், ஆயில். பழைய எஞ்சின் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் எங்கள் கடைதான் கதி. அந்த எஞ்சின்களின் அளவெல்லாம் இஞ்சிலும் கேலனிலும் இருக்கும். இன்றைக்குக் கிடைக்கிற சாமானெல்லாம் மில்லிமீட்டரிலும் லிட்டரிலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். க்யூபிக் இஞ்ச் எவ்வளவு என்று சொன்னால் போதும், பில் போட்டுக்கொண்டே சிசி எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். பதினாறால் பெருக்க வேண்டும், பிறகு பத்து இஞ்சுக்கு நாலு வீதம் கூட்ட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் அதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. அளவு மாற்றி எழுதிக் கொடுக்கிற சீட்டில் இரண்டு கையெழுத்து இருக்க வேண்டும். கணக்குப் போட்டவர் முதலில் போட வேண்டும், சரிபார்த்தவர் அதன் கீழே போட வேண்டும். எப்போதோ ஒரு தப்பான அளவில் யாருடைய எஞ்சினோ பாழாய்ப் போனபோது முதலாளி கொண்டுவந்த சட்டம். இரண்டு கையெழுத்து இருந்தால் மெக்கானிக்குகள் மறுபடி அளந்துகூடப் பார்க்க மாட்டார்கள். என் காலத்தில் மேலே என் கையெழுத்து, கீழே முதலாளி கையெழுத்து. அவர் சீட்டைப் பார்க்காமலே போடுவார், எனக்கு அது பெருமை.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஆர்ஷா வந்தாள். பாறசாலைப் பெண், இருபத்துமூன்று வயது, ஆட்டோமொபைல் டிப்ளமோ. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், போனில் மூன்றாவதாக ஏதோ ஒன்று. ஏழு எழுதினால் நடுவில் ஒரு கோடு போடுவாள். அந்தக் கோட்டைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "மக்கா, இனி அவ எழுதட்டும். நீ பாத்துக் கீழ போடு. செக் பண்ணுதவங்கதானே பெரிய ஆளு" என்றார். பெரிய ஆளாக்கி என்னைக் கீழே இறக்கினார். நான் தலையாட்டிவிட்டு ஆயில் அலமாரியைத் துடைக்கப் போனேன்.

மற்றவர்கள் அவளிடம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வன்னியபெருமாள் அண்ணாச்சி போனதைத்தான் தாங்க முடியவில்லை.

அவர் பொன்முடி மலையில் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறார். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். எஸ்டேட் பம்புகளையும் லாரிகளையும் பார்த்துக்கொள்கிற மெக்கானிக். நான் கடைக்கு வந்த முதல் வாரத்திலிருந்து தெரியும். அவர் கொண்டுவந்ததெல்லாம் இங்கிலாந்து எஞ்சின்கள், அவற்றின் அளவுகளை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். மாதம் ஒருமுறை வருவார். கவுன்டரில் ஒரு தேயிலைப் பொட்டலத்தை வைத்துவிட்டு, "தங்கச்சி, இதுக்கு அளவு சொல்லு" என்பார். நான் சொல்வேன். "நீ சொன்னாச் சரிதான்" என்று போய்விடுவார். என் வாழ்க்கையில் வேறு யாரும் என்னைப் பார்த்து அந்த மூன்று வார்த்தையைச் சொன்னதில்லை. செல்வின் சொல்வார் என்று எதிர்பார்த்தால் நான் இன்னொரு பிறவி எடுக்க வேண்டும்.

ஜூன் மாதம் அவர் இரண்டு பொட்டலம் வைத்தார். ஒன்று எனக்கு, ஒன்று ஆர்ஷாவுக்கு. நான் வீட்டுக்குக் கொண்டுபோய் எடை போட்டுப் பார்த்தேன். என்னுடையது பத்து கிராம் குறைந்திருந்தால்கூட நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன். நூறு கிராம் சுத்தமாக இருந்தது.

"நீ அந்தப் பிள்ளைக்க பேரச் சொல்லாம என்னைக்காவது சோறு தின்னியாடீ?" என்று செல்வின் கேட்டது அன்றைக்குத்தான். பொறாமை என்று பெயர் வைத்ததும் அன்றைக்குத்தான்.

அண்ணாச்சி போன வருடம் எஸ்டேட் ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்திருந்தார். அவர் மனைவி உலகம்மாளுக்கு சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். காலையில் மலையிறங்கி மெடிக்கல் காலேஜ் வரவேண்டும், சாயங்காலம் திரும்ப ஏற வேண்டும். பொன்முடிக்கு ஓடுகிற பேருந்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் ஜீப். இந்த வருடம் அது புகை தள்ளத் தொடங்கியதும் எஞ்சினை முழுதாகப் பிரித்து, எங்கள் கடையில்தான் பிஸ்டனும் ரிங்கும் எடுத்து, ஒரு மாதம் மெனக்கெட்டுக் கட்டினார். ஒரு திங்கட்கிழமை ஆயில் வாங்க வந்தார். கையில் ஜீப்போடு கிடைத்த பழைய புத்தகம்.

"ரெண்டு விஷயம் வேணும்" என்றார். "வண்டி ரெஜிஸ்டிரேஷன் ரினீவல் படிவத்துல சிசி கேக்கான். இதுல க்யூபிக் இஞ்சுல போட்டிருக்கு. இன்னொண்ணு, ஆயில் எத்தன லிட்டர் ஊத்தணும்? வண்டியில இருக்க ஆயில் பாக்குத கம்பி ஏதோ வேற வண்டிக்குள்ளது. அத நம்ப முடியாது. கணக்குப் பாத்துத்தான் ஊத்தணும்."

புத்தகத்தை அவர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். முன்பெல்லாம் என் பக்கம்தான் வைப்பார். நான் எட்டிப் பார்த்தேன். நூற்றி முப்பத்துநாலு புள்ளி இரண்டு. ஆர்ஷா போனை எடுப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "ரெண்டாயிரத்து எரநூறு அண்ணாச்சி."

"ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்தி ஒம்பது மாமா" என்றாள் ஆர்ஷா போனைப் பார்த்து.

"ஒரு சிசியில என்ன வந்துச்சு?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல சேச்சி. படிவத்துல கேக்கறதுனால சொன்னேன்." அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. கெட்ட சிரிப்பாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அண்ணாச்சி தன் படிவத்தை எடுத்து 2199 என்று எழுதினார். என்னைப் பார்க்காமல் எழுதினார். பத்தொன்பது வருடம் வாயால் சொன்னதை எழுதிக்கொண்டு போன மனுஷன், ஒரே ஒரு சிசிக்காக அந்தப் பெண்ணின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று தோன்றியது.

ஆர்ஷா சீட்டு எழுதினாள். கொள்ளளவு 2199 சிசி. அதன் கீழே, ஆயில் ஒரு கேலன், 3.8 லிட்டர். கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினாள்.

இரண்டாவது வரியைப் பார்த்ததும் என் நெஞ்சு குளிர்ந்தது. கேலன் என்றால் நாலரை லிட்டர். ஊர் உலகத்துக்கே தெரியும். அண்ணாச்சியின் பம்புகளுக்கு நான் நூறு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். டிப்ளமோக்காரி முக்கால் லிட்டரைத் தின்றுவிட்டாள். புது ரிங், புது பேரிங், முக்கால் லிட்டர் ஆயில் குறைவு, பொன்முடி ஏற்றம். எஞ்சின் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். அப்போது தெரியும் யார் கணக்கு கணக்கு என்று.

அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருக்கலாம். "ஆர்ஷா, கேலன் நாலரை லிட்டர் அல்லே?" என்று ஒரே ஒரு வரி. திறக்கவில்லை. பேனாவை எடுத்து அவள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். என் கையெழுத்து அன்றைக்கு ரொம்ப அழகாக வந்தது.

அண்ணாச்சி சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நாலு லிட்டர் டின் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை முழுக்க நான் கடை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலித்தால் ஓடிப் போய் எடுத்தேன். கேஸ்கெட் கேட்டார்கள், ரேடியேட்டர் மூடி கேட்டார்கள். அண்ணாச்சி கூப்பிடவே இல்லை. ஆர்ஷா மத்தியானம் தன் டிபனில் இருந்த பலாச்சக்கை அவியலை எனக்கும் வைத்தாள். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை எரிச்சல் வேறு மாதிரி ஆகிவிட்டது. நேற்று உலகம்மாள் அந்த வண்டியில்தானே வந்து போயிருப்பாள் என்று நினைப்பு வந்தது. அவளை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். கையில் ஊசி போட்ட இடம் வீங்கிக் கிடக்க, ஜீப்பின் முன்சீட்டில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை மறுபடி வருவாள். வளைவில் ஏறும்போது எஞ்சின் நின்று பிரேக்கும் பிடிக்காமல் பின்னால் உருண்டால்? நான் ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. செல்வின், "இன்னைக்கு அந்தப் பிள்ளைக்க பேரு வரலியே" என்றார்.

போன் செய்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன். போனில் சொன்னால் அது வெறும் தகவல். நேரில் போய் என் கையாலேயே ஊற்றினால் அண்ணாச்சி மறக்க மாட்டார். பயம் பாதி, ஆசை பாதி. எது கூட என்று என்னைக் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

வியாழக்கிழமை தலைவலி என்று லீவு சொன்னேன். அதே ஆயிலில் முக்கால் லிட்டரை அளந்து ஒரு குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி, இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பொன்முடிப் பேருந்து ஏறினேன். விதுரை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் குமட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வளைவிலும் அண்ணாச்சி என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டே போனேன். "நீ இல்லேன்னா என்ன ஆயிருக்கும் தங்கச்சி" என்பார் என்று நினைத்தேன்.

லைன் வீட்டுக்கு முன்னால் ஜீப் நின்றது. உலகம்மாள் வாசலில் உட்கார்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"என்ன தங்கச்சி, இவ்வளவு தூரம்?"

"ஆயில் அளவுல ஒரு தப்பு அண்ணாச்சி. அந்தப் பிள்ள தெரியாம கொறச்சு எழுதிட்டா. முக்கால் லிட்டர் கம்மி. வண்டிய எடுக்காண்டாம்னு சொல்ல வந்தேன். ஆயிலும் கொண்டாந்திருக்கேன்."

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "நீ சொன்னாச் சரிதான்" என்று பானெட்டைத் திறந்தார். அந்த மூன்று வார்த்தைக்காக நான் இன்னும் இருபத்திரண்டு வளைவு ஏறி வந்திருப்பேன். மூடியைக் கழற்றி நானே ஊற்றினேன். உலகம்மாள் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். "நமக்காவ இம்புட்டு தூரம் யாரு வருவா" என்று புருஷனிடம் சொன்னாள். நான் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பேருந்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. "விதுரையில விட்டுடுதேன், ஏறு" என்றார் அண்ணாச்சி. நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். உலகம்மாள் உட்காருகிற சீட்டு, பழைய போர்வை ஒன்று மடித்துப் போட்டிருந்தது.

ஐந்தாறு வளைவு வரை எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு ஏதோ கருகிய வாடை வந்தது. அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் நீலப் புகை. அடுத்த வளைவில் கிளட்சை மிதித்தபோது அது வழுக்கியது. அவர் ஓரமாக நிறுத்தி, முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் குனிந்தார். கையை வெளியே எடுத்தபோது முழங்கை வரை ஆயில்.

"ஆயில அடைச்சு நிறுத்துத பின் சீல் போச்சு" என்றார். "ஆயில் நொரச்சுக்கிட்டு எல்லாப் பக்கமும் தள்ளுது. கூடுதலா இருந்தாத்தான் இப்படி ஆகும் தங்கச்சி. கொறைஞ்சா ஆகாது."

"இல்லண்ணாச்சி, கேலன்னா நாலரை" என்றேன்.

அவர் கையைத் துடைத்துவிட்டுக் கடைக்குப் போன் போட்டார். ஆர்ஷா எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"மோளே, அந்த ஜீப்புக்கு ஆயில் எவ்வளவு எழுதின?"

"மூணு புள்ளி எட்டு மாமா. என்னாச்சு?"

"கேலன் நாலரை லிட்டர்தானே?"

"அது இங்கிலாந்து கேலன் மாமா. உங்க ஜீப்பு அமெரிக்கன் அல்லே? புத்தகமும் அமெரிக்கா புத்தகம். அவங்க கேலன் சின்னது, மூணு புள்ளி எட்டு கூட முழுசா வராது. யாராவது கூடுதல் ஊத்திட்டாங்களா? ஒடனே எறக்கிடுங்க, ஓட்டாதீங்க." பிறகு அவளே சொன்னாள். "சேச்சிக்குத் தெரியும் மாமா. சேச்சியும் பாத்துத்தானே சீட்டுல ஒப்பு போட்டாங்க. இன்னிக்கு சேச்சிக்கு சுகமில்ல, லீவு. வேணும்னா போன் பண்ணிக் கேளுங்க."

அண்ணாச்சி போனை வைத்தார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். கீழே பள்ளத்தில் ஏதோ ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

அவர் சட்டைப் பையில் இருந்து சீட்டை எடுத்துப் பிரித்தார். அதில் ஆயில் கறை பட்டது. மேலே ஆர்ஷா, கீழே நான்.

"தங்கச்சி, திங்கக்கெழம இதுல கையெழுத்துப் போடும்போது, இது தப்புன்னுதான் நெனச்சியா?"

கணக்கு தப்பாய்ப் போனதற்கு நான் ஆயிரம் சமாதானம் வைத்திருந்தேன். அமெரிக்காக்காரன் கேலனைப் பற்றி எனக்கு யார் சொன்னார்கள், பத்தொன்பது வருடத்தில் அமெரிக்க எஞ்சின் எத்தனை வந்தது, இப்படி. அவர் அதைக் கேட்கவில்லை. அவர் கேட்டதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"ஆமா அண்ணாச்சி."

"செவ்வாக்கெழம அவளக் கூட்டிட்டுப் போனேனே."

திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, நான் கொண்டுவந்த அதே பாட்டிலில் அதே ஆயிலை இறக்கினார். நிரம்பியதும் மூடி திருகி என் கையில் கொடுத்தார். சுட்டது. விதுரை வரை கியரை மாற்றாமல் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். நான் இறங்கியபோது, "பாத்துப் போ" என்றார். எப்போதும் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

மறுநாள் நான் கடைக்குப் போனேன். ஆர்ஷா பின் சீலை டப்பாவில் கட்டி, விதுரைப் பேருந்து நடத்துனரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "பாவம் சேச்சி, ஜீப்பு எடுக்க முடியலயாம். அந்த ஆன்ட்டி இன்னிக்கு பஸ்ல நின்னுட்டுதான் வந்தாங்களாம். திரும்பப் போகவும் பஸ்தான்" என்றாள். யார் ஊற்றினார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி சொல்லவில்லை. முதலாளியிடமும் சொல்லவில்லை. நான் அவளைப் பார்த்தேன். கணக்கும் சரி, மனசும் சரி. ஒருத்திக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் மற்றவர்கள் எங்கே போவது? அந்த நிலையிலும் எனக்கு அதுதான் தோன்றியது. இதை யாரிடமும் சொல்லிவிட முடியாது.

மூன்று வாரம் கழித்து அவர் வந்தார். பம்பு ஒன்றுக்கு ரிங் வேண்டும் என்றார். பழைய இங்கிலாந்து பம்பு, எனக்கு மனப்பாடம். கவுன்டரில் இரண்டு தேயிலைப் பொட்டலம் வைத்தார். எனக்கு ஒன்று குறையும் என்று பயந்திருந்தேன், குறையவில்லை. உலகம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இருக்கிறாள் என்றார்.

ஆர்ஷா எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், என் பக்கம் தள்ளினாள். நான் ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். மனதுக்குள் பெருக்கினேன், காகிதத்தில் இன்னொரு தடவை பெருக்கினேன். எல்லாம் சரியாக இருந்தது. கீழே என் கையெழுத்தைப் போட்டு அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

"சரியா இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

அவர் சீட்டை வாங்கினார். மடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு ஆர்ஷாவைப் பார்த்தார். அவள் ஒன்றும் புரியாமல், சரிதான் மாமா என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.